“ஒண்ணுமில்ல, வெளாண்டோம்” என்று சொல்லும் பிள்ளை இந்த வாரம் என்ன படித்தது?

மண்டபம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் வாராவாரம் “என்ன படிச்ச?” என்று கேட்கிறீர்கள். “ஒண்ணுமில்ல, வெளாண்டோம்” என்கிறாள். பையிலிருக்கும் நோட்டில் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வேன் ஏறிப் போய் ஒன்றிலிருந்து நூறு வரை ஸ்பெல்லிங் எழுதிக்கொண்டு வருகிறது. அரசுப் பள்ளியில் ஒரு வாரத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள், பள்ளியை மாற்றிவிடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். பாடப்பட்டியல்தான் வேண்டுமென்றால் புத்தகத்தைப் புரட்டியே தெரிந்துகொண்டிருப்பீர்கள். பிள்ளைக்கு ஏதாவது ஏறுகிறதா, நாம் ஏமாந்துகொண்டிருக்கிறோமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் 2002-ல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இந்தக் கரையை விட்டு வேறெங்கும் போனதில்லை. இப்போது இருப்பது வடகடல், அதாவது பாக் விரிகுடா பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். இதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள்தான். மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்பது வெளியிலிருந்து பார்த்தால் புரியாது. அதனால்தான் உங்கள் மகளுக்கும் அது விளையாட்டாகத் தெரிகிறது. என் வகுப்பில் இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் மகள் பள்ளியில் இதே வரிசையில் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அச்சு ஒன்றுதான்.

திங்கட்கிழமை வாரத்தின் நாட்களை எடுத்தேன். ஏழு அட்டையில் ஏழு நாள். கலைத்துப் போட்டால் வரிசையாக அடுக்க வேண்டும். செவ்வாய்க்கு அடுத்து என்ன என்று ஒரு பையனைக் கேட்டேன். விழித்தான். பிறகு, “போட்டு போற நாள் டீச்சர்” என்றான். இங்கே போட்டு, அதாவது விசைப்படகு, கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. இடைப்பட்ட நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. அவனுக்குப் புதன் என்ற பெயர் தெரியவில்லையே தவிர புதனைத் தெரியும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு இன்னொரு நாட்காட்டியும் சேர்ந்துகொண்டது. திங்கள் உப்புமா, புதன் பொங்கல் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். போட்டையும் பொங்கலையும் வைத்து ஏழு அட்டையையும் அடுக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்? “அட்டை வச்சு வெளாண்டோம்.” நோட்டில் அன்று ஒரு வரியும் இல்லை.

தமிழில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வாரம் முழுக்க உகர வரிசையில் நின்றார்கள். உங்கள் மகளும் அநேகமாக அங்கேதான் நிற்பாள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தமிழில் 247 எழுத்து என்றவுடன் பெற்றோருக்கு மலைப்பு வருகிறது. உண்மையில் பிள்ளை 247-ஐயும் தனித்தனியாகக் கற்பதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டால் மிச்சமெல்லாம் சேர்த்துப் பார்க்கிற வேலை. ஆகார வரிசைக்குக் கால் போட்டால் போதும்: கா, பா, மா. இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் தலைமேல் வளைவு. இதுவரை பிள்ளைகள் சரசரவென்று வருவார்கள். உகரத்தில் முட்டிக்கொள்வார்கள். கு, பு, து என்று எழுதிப் பாருங்கள்; மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. கூ, பூ, தூ என்று நீட்டினால் இன்னும் மாறும். ஒரே குறியை எல்லா எழுத்திலும் ஒட்டலாம் என்று அதுவரை நம்பியிருந்த பிள்ளைக்கு அந்த நம்பிக்கை இங்கே உடைகிறது. அடுத்து எகர வரிசை வரும். அதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும். ‘கொ’வைப் பார்த்து ‘கெ’ என்று தொடங்கி, அப்புறம் காலைப் பார்த்துத் திணறும் பிள்ளைகளை வருடந்தோறும் பார்க்கிறேன். இதில் இரண்டு மூன்று வாரம் தேங்கி நிற்பது மந்தம் இல்லை. எழுத்தின் அமைப்பே அப்படி.

வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தருவதாக இருந்தால் ஒரு சின்ன எச்சரிக்கை. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு படித்தவர்கள் லை, னை, ணா, றா போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதுவார்கள். பாட்டி ஆசையாக எழுதிக் காட்டுவதைப் பிள்ளை புது எழுத்து என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது. பாட்டி எழுதுவதை நிறுத்தச் சொல்ல மனம் வராது. ‘இது பாட்டி எழுத்து’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

கணக்கில் இரண்டாம் வகுப்புக்குக் கட்டும் உதிரியும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது, மிச்சத்தை உதிரியாக வைப்பது. 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. 34-லிருந்து 8-ஐ எடு என்றால் உதிரி போதாது, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். நாம் படித்த காலத்தில் ‘கடன் வாங்கி’ என்று சொல்லிக் கொடுத்தார்களே, அது இதுதான். கட்டை அவிழ்த்துப் பார்க்காத பிள்ளை, மூன்றாம் வகுப்பில் நூற்றைந்தை 1005 என்று எழுதும். காதில் நூறும் ஐந்தும் தனித்தனியாக விழுகிறது, கையும் அப்படியே எழுதிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் இந்த வாரம் நான்கு பேர் அப்படி எழுதினார்கள். அவர்களை இரண்டாம் வகுப்புக்காரர்களோடு தரையில் உட்காரவைத்துக் குச்சி கட்டச் சொன்னேன். வகுத்தலுக்கு இங்கே குச்சிகூடத் தேவையில்லை. மீனைக் கூறு வைப்பது தெரியாத பிள்ளை இந்தக் கரையில் கிடையாது. “இருபது நகரை, நாலு கூறு, கூறுக்கு எத்தனை?” என்றால் பாடம் தொடங்குவதற்கு முன்பே விடை வந்துவிடும்.

புதனும் வியாழனும் மூன்றாம் வகுப்புக்குச் சூழ்நிலையியலில் தண்ணீர். ஆறு, ஏரி, குளம் என்று படம் காட்டிப் பேசலாம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓடுகிற ஆற்றைப் பார்த்ததே இல்லை. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்தாலே எங்களுக்குப் பெரிய செய்தி. அதனால் நான் ஊற்றிலிருந்து தொடங்கினேன். கடற்கரை மணலில் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறதே, பக்கத்திலேயே கடல் இருக்க அது எப்படி என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து, “ரொம்பத் தோண்டக்கூடாது டீச்சர், அடியில உப்புத் தண்ணி வந்துரும்” என்றாள். அவள் அம்மா ஊற்றுத் தோண்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பாடம் முக்கால்வாசி அவளே நடத்திவிட்டாள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்குகிறது. உப்புத் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் அதன் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. மேலாக மொண்டால் நல்ல தண்ணீர், ஆழம் போனாலோ அதிகமாக இறைத்தாலோ உப்பு ஏறிவிடும்.

இதைக் காட்டத்தான் வியாழக்கிழமை முட்டை கொண்டுபோனேன். குடிதண்ணீரில் முட்டை மூழ்கும், கடல் தண்ணீரில் மிதக்கும் என்று முந்தின நாளே பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். ஒரு பையன் வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்தான். போட்டேன். முட்டை நேராக அடிக்குப் போய்விட்டது. வகுப்பே சிரித்தது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கும். புது முட்டையைத் தூக்க அது போதாது. சமையலறையிலிருந்து கல் உப்பு வாங்கி அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கிய பிறகுதான் எழும்பி வந்தது. எத்தனை கைப்பிடி என்று ஒன்றாம் வகுப்பு எண்ணியது. “டீச்சர் சொன்னது தப்பு” என்று மூன்றாம் வகுப்பு குறித்துக்கொண்டது. அந்த வாரத்தின் நல்ல பாடம் அதுதான் என்பேன், நான் திட்டமிட்டது அதில் பாதிகூட இல்லை என்றாலும்.

கலாம் பல மேடைகளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கே எல்லாருக்கும் தெரியும். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார், பிறகு கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார் என்பது. கடற்கரையைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு நடுவில் இருக்கும் இடம்தான் பெரிதாகப் படுகிறது. படம் போட்டு முடித்துப் புரிந்ததா என்று கேட்டபோது, புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். சொல்ல முடிந்தது. உங்கள் மகள் வகுப்பில் அப்படிச் சொல்ல முடிகிறதா என்று விசாரியுங்கள். நோட்டைவிட அது முக்கியம்.

வெள்ளிக்கிழமை பெரிதாக எதுவும் நடக்கவில்லை, மறைப்பதற்கில்லை. சுதந்திர தின ஒத்திகை, பாட்டு, வரிசையில் நிற்பது. அரை நாள் போயிற்று. ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் நாலு கட்டளைச் சொற்களும் ஒரு பாட்டும்தான். ஆங்கிலத்தில் எங்கள் பிள்ளைகள் பின்தங்கித்தான் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டிலோ தெருவிலோ காதில் விழாத மொழியை வாரத்துக்குச் சில மணி நேரத்தில் பேசவைக்க எனக்கு வழி தெரிந்ததில்லை.

இப்போது நோட்டு விஷயம். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதலில் ஒன்று முதல் மூன்று வரையும், அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தும் சேர்க்கப்பட்டன. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்டத்தான் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒவ்வொருவரும் நிற்கிற இடத்திலிருந்து நடத்தச் சொன்னார்கள். அதற்கென்று பயிற்சி நூல் உண்டு. எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அதில்தான், அதையும் பல பள்ளிகளில் வீட்டுக்கு அனுப்பாமல் அலமாரியில் வைத்திருப்பார்கள். அனுப்பினால் மழையில் நனைந்தோ தம்பி தங்கை கிழித்தோ திரும்பி வரும். ஆகவே உங்கள் மகளின் எழுத்தைப் பார்க்க நீங்கள் புரட்டியது தப்பான நோட்டாக இருக்கலாம். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலம் முழுக்க வந்தபோதும் இதே கேள்வியோடு தாய்மார்கள் என் வகுப்பு வாசலில் நின்றார்கள். திட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, கேள்வி அப்படியே இருக்கிறது.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. செயல்பாட்டில் கற்ற பிள்ளைக்குச் சூழல் நினைவிருக்கும், எழுத்து நினைவிருக்கும் என்பதை இத்தனை வருடத்தில் உறுதியாகக் கண்டிருக்கிறேன். ஆனால் நிலை பிரிப்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. கவனிக்க ஆளில்லாத வகுப்பில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை அரும்பிலேயே உட்கார்ந்துவிடும். மூன்று நிலையையும் ஒருவரே பார்க்கும்போது, சத்தம் போடாத பிள்ளைதான் முதலில் விட்டுப்போகும். கைப்பேசிச் செயலியில் மதிப்பீட்டைப் பதியும் நாட்களில் என் கண் பிள்ளைகள் மேல் இல்லை, திரையில்தான் இருக்கிறது. எழுதும் பழக்கமும் குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நான் தினமும் ஐந்து வரி சொல்வதெழுதுதல் வைத்துக்கொள்கிறேன். உத்தரவில் இருக்கிறதோ இல்லையோ.

உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. அதனால் அவள் எங்கே நிற்கிறாள் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்களே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் அசர் (ASER) என்ற கல்வி ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் செய்வதும் ஏறக்குறைய இதுதான்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று படியாக ஏறுவது. ஒரு தாளில் பத்து எழுத்தைக் கலைத்து எழுதுங்கள். அ, ஆ வரிசையில் எழுதினால் ராகத்தோடு ஒப்பித்துவிடுவாள், அது கணக்கில் சேராது. பிறகு அவள் புத்தகத்தில் இருக்க வாய்ப்பில்லாத, ஆனால் காதுக்குத் தெரிந்த மீன் பெயர்கள்: பாறை, சூடை, முரல், நகரை, திருக்கை. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் போதும். அப்புறம் நீங்களே எழுதிய நாலு வரி. கணக்குக்கு ஒரு கை புளியங்கொட்டை. பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லி மொத்தம் கேளுங்கள், பிறகு ஒரு குவியலை உடைத்தால்தான் எடுக்க முடிகிற மாதிரி ஓர் எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு, ஸ்பெல்லிங் நோட்டில் நடுப்பக்கத்திலிருந்து ஒரு சொல்லைக் காட்டிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். படித்துவிட்டால் அந்தப் பள்ளி நன்றாகத்தான் நடத்துகிறது, நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் வகுப்பு ஆகஸ்டில் எழுத்துகளில் பெரும்பாலானவை தெரிந்து, சொற்களைத் திக்கித் திக்கிப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை. ல, ள, ழ குழப்பம் பெரியவர்களுக்கே தீரவில்லை. 3-ஐயும் 7-ஐயும் திருப்பி எழுதுவது இந்த வயதில் சாதாரணம். வருடக் கடைசியிலும் இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்ட முடியாவிட்டால் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பலகையில் எழுதியது தெரியாமலேயே இரண்டு வருடம் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை என் வகுப்பிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்தது கண்ணாடி போட்டு வந்த பிறகுதான்.

பள்ளியை மாற்றுவது பற்றி: பருவத்தின் நடுவில் வேண்டாம். இப்போது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும், வடகடலில் மீன்பிடித் தொழில் நடக்கும், எங்கள் பக்கம் வருகைப் பதிவும் நன்றாக இருக்கும். வடகிழக்கு வாடைக் காற்று திரும்பினால் வடகடல் முரண்டு பிடிக்கும், குடும்பத்தோடு தென்கரைக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் பருவத்தில் உகரத்தையும் கொம்பையும் தவறவிட்ட பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள்தான். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிற நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பெண்பிள்ளைகளும் அப்படித்தான். நீங்கள் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் வாடை வீசுகிற அந்த மூன்று மாதம் தவறாமல் அனுப்ப முடிந்தால், பள்ளி எது என்பதைவிட அதற்குத்தான் பலன் அதிகம். ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கிறது, ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்கிறார் என்றால் மட்டும் என் பதில் வேறு. அப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கேளுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அது சட்டம்.

அடுத்த வாரம் ஒருநாள் பள்ளி விடுகிற நேரத்தில் போய், டீச்சரிடம் மகளின் பயிற்சி நூலைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் போகாதீர்கள், சாப்பாடு, வருகைப் பதிவு, பிரார்த்தனை என்று பேச வாய்க்காது. வீட்டில் “என்ன படிச்ச?” என்று கேட்பதையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். “டீச்சர் இன்னிக்கி கையில என்ன வச்சிருந்தாங்க?” என்று கேட்டால் முட்டைக் கதை மாதிரி ஏதாவது வரும். நான் சொன்ன மீன் பெயர்களை எழுதிக் காட்டும்போது ‘நகரை’யை ‘நரகை’ என்று படித்தால் சிரித்துவிடாதீர்கள். என் வகுப்பில் இந்த வாரம் மூன்று பேர் அப்படித்தான் படித்தார்கள், அதில் ஒருத்தியின் அப்பா நகரை வலைக்காரர்.